எஸ்டர் சட்டியில் தண்ணீர்: லிப்பேஸ் நொதியோடு மல்லுக்கட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் பந்திங் பக்கத்தில் ஒரு சிறிய ஒலியோகெமிக்கல் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. செம்பனை எண்ணெயிலிருந்து பிரித்த கொழுப்பு அமிலத்தை ஆல்கஹாலோடு சேர்த்து, முகக்கிரீமுக்கும் லோஷனுக்கும் போகிற எஸ்டர் செய்கிறோம். இரண்டையும் இணைத்து வைப்பது லிப்பேஸ் என்ற நொதி. பயிற்சிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள், வீட்டில் சோப்பும் கிரீமும் செய்து விற்கும் அக்காமார்கள், ஞாயிற்றுக்கிழமை ரொட்டிச் சானாய்க் கடையில் மாட்டும் பழைய தோட்டத்து நண்பர்கள் என்று பலரும் கேட்பதைக் கூட்டிப் பார்த்தால், முக்கால்வாசி தண்ணீரில்தான் வந்து நிற்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன்.

நொதிக்குத் தண்ணீர் வேண்டும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? நீங்கள் ஏன் அதை விரட்டுகிறீர்கள்?

இதற்குப் பதில் நம் தோட்டத்திலேயே இருக்கிறது. செம்பனைக் குலையை வெட்டிக் கீழே போட்டால் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மண்டோர் விரட்டுவார் அல்லவா? அடிபட்ட பழமும், பாதையோரம் இரண்டு நாள் கிடந்த உதிரிப்பழமும் போனால் ஆலைக்காரர் முகம் சுளிப்பார். எஃப்.எஃப்.ஏ. ஏறிவிட்டது என்பார். எஃப்.எஃப்.ஏ. என்றால் எண்ணெயிலிருந்து கழன்று தனியாகத் திரியும் கொழுப்பு அமிலம். அதைக் கழற்றுவது பழத்தின் சதையிலேயே இருக்கும் லிப்பேஸ். பழம் நசுங்கியதும் நொதியும் எண்ணெயும் ஈரமும் ஒன்றாகக் கலக்கின்றன. நொதி, தண்ணீரை ஆயுதமாக வைத்து எண்ணெயை வெட்டுகிறது. ஆலையில் குலைகளை முதலில் ஸ்டெரிலைசருக்குள் தள்ளி, 140 டிகிரியை ஒட்டிய நீராவியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், இந்த நொதியைக் கொல்வதுதான். என் அப்பா அந்த ஸ்டெரிலைசர் கதவைத் திறந்து மூடியே ஓய்வு பெற்றவர். லிப்பேஸ் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் சட்டியில் வேலை செய்வதும் அதே குலத்து நொதிதான். வேலை மட்டும் தலைகீழ். தண்ணீர் நிறைய இருந்தால் வெட்டும், குறைவாக இருந்தால் ஒட்டும். நொதிக்குத் தன் கட்சி என்று எதுவும் கிடையாது. எந்தப் பக்கம் போவது என்று தண்ணீர்தான் முடிவு செய்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நாங்கள் எல்லாவற்றையும் காய வைத்துத்தானே போடுகிறோம்?

காய வைத்தாலும் வரும், ஏனென்றால் அது உள்ளேயே பிறக்கிறது. ஒரு அமில மூலக்கூறும் ஒரு ஆல்கஹால் மூலக்கூறும் சேர்ந்து எஸ்டர் ஆகும்போது, ஒவ்வொரு தடவையும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே விழுகிறது. பால்மிட்டிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 256, தண்ணீருக்கு 18. ஆகவே 1 கிலோ பால்மிட்டிக் அமிலம் முழுவதும் எஸ்டரானால் 70 கிராம் தண்ணீர் கிடைக்கும். 100 கிலோ என்றால் 7 கிலோ, ஒரு வாளிக்குக் கிட்டத்தட்ட. மூலப்பொருளில் ஒட்டிக்கொண்டிருந்த ஈரம் இதன் முன்னால் பொடிசு. அதைக் காய வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது.

அந்த 70 கிராமையும் உள்ளேயே விட்டால் என்ன ஆகும்?

பாதி வழியில் வண்டி நின்றுவிடும். 1862இல் பெர்த்தெலோவும் பெயான் த சான்ழீலும் அசெட்டிக் அமிலத்தையும் எத்தனாலையும் சம மோலில், அதாவது மூலக்கூறு எண்ணிக்கை சமமாக இருக்கும்படி, கலந்து பார்த்தார்கள். எவ்வளவு காலம் விட்டாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எஸ்டர் ஆகவில்லை. எஸ்டரையும் தண்ணீரையும் பெருக்கி, மிஞ்சிய அமிலம், ஆல்கஹால் இரண்டின் பெருக்கலால் வகுத்தால் வரும் சமநிலை மாறிலி ஏறக்குறைய 4 என்பதால் கணக்கு அங்கே போய் நிற்கிறது. நொதி இந்தக் கணக்கை மாற்றாது. அங்கே சீக்கிரம் கொண்டு போய்விடும், அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் நொதியை இரட்டிப்பாக்கிப் பணத்தைக் கரைத்தவர்களை எனக்குத் தெரியும். முதல் வருடம் நானே அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

அதே மாறிலி 4 என்று வைத்து, 1 கிலோ பால்மிட்டிக் அமிலத்துக்கு ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமிலமும் ஆல்கஹாலும் சம மோலில் இருக்க, 95 சதவீதம் எஸ்டர் வேண்டும் என்றால் சட்டியில் மிஞ்சும் தண்ணீர் முக்கால் கிராமுக்குள் இருக்க வேண்டும். 99 சதவீதம் வேண்டுமா? 0.03 கிராம். பிறந்த 70 கிராமில் ஒரு சொட்டுதான் மிஞ்சலாம். கடைசி நான்கு சதவீதத்துக்காக நாங்கள் ராத்திரி ஷிப்ட் பார்ப்பது இதனால்தான்.

ஆல்கஹாலை இரண்டு மடங்கு போட்டால் இதே 99க்கு 2.8 கிராம் வரை மிஞ்சலாம். அது பெரிய சலுகைதான். ஆனால் மிஞ்சிய ஆல்கஹாலைப் பிறகு வடித்து எடுக்க வேண்டுமே, அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். எண்ணெய்ப்பசை நிறைந்த கலவையில் மாறிலி துல்லியமாக 4 ஆக இருக்காது. ஆனாலும் இந்தக் கணக்கு உங்களைத் தவறான ஊருக்குக் கொண்டு போகாது.

அப்படியானால் ஒரு சொட்டு கூட இல்லாமல் வறண்டு போகச் செய்துவிடலாமா?

கூடாது. நொதி ஒரு புரதம். அது கொஞ்சம் நெளிந்து வளைந்தால்தான் வேலை செய்ய முடியும். அந்த நெகிழ்வைத் தருவது அதன் மேல் ஒட்டியிருக்கும் சில தண்ணீர் மூலக்கூறுகள். அவற்றையும் பிடுங்கிவிட்டால் நொதி விறைத்துப்போகும்.

எவ்வளவு வேண்டும் என்பது நொதிக்கு நொதி வேறுபடும். கேண்டிடா ருகோசா ஈஸ்டிலிருந்து வரும் லிப்பேஸ் நல்ல ஈரம் கேட்கும். ரைசோமியூக்கர் மியேஹெய் பூஞ்சையிலிருந்து வருவது மிகக் குறைந்த ஈரத்திலும் சமாளிக்கும். நாங்கள் பயன்படுத்துவது கேண்டிடா அண்டார்க்டிகாவின் பி வகை லிப்பேஸ், சிறு பிசின் மணிகளில் ஏற்றப்பட்டது. அதுவும் வறட்சியைத் தாங்கும் ஜாதி. அந்த ஈஸ்டை அண்டார்க்டிகாவில் ஒரு ஏரியின் சேற்றிலிருந்து எடுத்தார்கள். பனிக்கட்டி ஊரிலிருந்து வந்த சரக்கு நம் சட்டியில் 60 டிகிரியில் அசராமல் ஓடுவதைப் பார்த்தால் இன்னமும் எனக்குச் சிரிப்பு வரும்.

வறட்சிக்கு ஒரு நன்மையும் உண்டு. 1984இல் சாக்ஸ், கிளிபனோவ் இருவரும் பன்றிக் கணைய லிப்பேஸை நன்றாக உலர்த்தி, தண்ணீர் இல்லாத கரிமத் திரவத்தில் 100 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். அது பல மணி நேரம் உயிரோடு இருந்து வேலையும் செய்தது. புரதம் சூட்டில் அவிழ்ந்து கெட்டுப்போகவும் தண்ணீர் வேண்டும், அது இல்லாதபோது நொதி உறுதியாக நிற்கிறது.

பன்றிக் கணையமா? அப்படியானால் ஹலால் சான்றிதழ்?

இந்தக் கேள்வி மலேசியாவில் வராமல் இருக்காது. 1984 சோதனையில் இருந்தது அது. இன்று எஸ்டர் ஆலைகளில் புழங்குபவை பெரும்பாலும் நுண்ணுயிர்களை வளர்த்து எடுத்த நொதிகள். இருந்தாலும் அவற்றை வளர்த்த ஊடகம் எதனால் ஆனது என்பதும் கேட்கப்படும். வாங்கும்போதே விற்பவரிடம் அதற்கான தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) தண்ணீர் இருக்கலாம் என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிடுங்களேன்.

சொல்ல மாட்டேன் தம்பி, சொன்னால் பொய்யாகிவிடும்.

வீட்டு அடுப்படியை எடுத்துக்கொள். நார்த்தங்காய் ஊறுகாயில் ஈரம் சொட்டுகிறது, பூஞ்சை பிடிப்பதில்லை. அதைவிட எவ்வளவோ காய்ந்ததாகத் தெரியும் இட்லியை ஒரு நாள் வெளியே வைத்தால் நூல் விடுகிறது. ஊறுகாயில் தண்ணீர் உண்டு, ஆனால் உப்பு அதைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறது. பூஞ்சைக்கு அது கிடைக்காது. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒன்று, அதில் எவ்வளவு வேலை செய்யக் கைவசம் இருக்கிறது என்பது வேறொன்று. இரண்டாவதைத்தான் வாட்டர் ஆக்டிவிட்டி, தமிழில் நீர்ச் செயல்பாடு, என்கிறோம். முழுக்கக் காய்ந்தது 0, சுத்தமான தண்ணீர் 1. மூடிய பாத்திரத்தில் பொருளின் மேலே நிற்கும் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், உள்ளே இருக்கும் பொருளின் நீர்ச் செயல்பாடு 0.3.

இப்போது பிபிஎம்முக்கு வருகிறேன். ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஏறத்தாழ 100 பிபிஎம் தண்ணீர்தான் கரையும். ஆகவே 100 பிபிஎம் தண்ணீர் உள்ள ஹெக்சேன் தொண்டை வரை குடித்துவிட்டது, நீர்ச் செயல்பாடு 1ஐத் தொடும். டெர்ஷியரி பியூட்டனால் என்ற இன்னொரு கரைப்பானோ தண்ணீரோடு தாராளமாகக் கலக்கும். அதில் அதே 100 பிபிஎம் இருந்தால் எலும்பு வறட்சி. எண் ஒன்றே, நொதிக்கு அனுபவம் இரண்டு. நொதி நீர்ச் செயல்பாட்டை உணர்கிறது, பிபிஎம்மை அல்ல.

அப்படியானால் கார்ல் ஃபிஷர் கருவி வீணா?

இல்லை. 1935இல் கார்ல் ஃபிஷர் தந்த அந்த அயோடின் டைட்ரேஷன் இன்னும் எங்கள் மேசையில் தினமும் ஓடுகிறது. மொத்தத் தண்ணீரைச் சொல்ல அதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது. ஒரே கலவையை ஒரே விதமாகத் திரும்பத் திரும்பச் செய்யும்போது பிபிஎம் எண் நல்ல அடையாளக்கல். கரைப்பான் மாறினால், ஆல்கஹால் மாறினால், பாதி அமிலம் எஸ்டராகிக் கலவையின் குணமே மாறினால், பழைய எண்ணைப் புதிய இடத்தில் ஒட்டாதீர்கள். நீர்ச் செயல்பாட்டுக்குச் சட்டியின் மேல்வெளியில் ஓர் ஈரப்பத உணரி வைத்தால் போதும். உணரியும் சட்டியின் சூட்டிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் உணரி மேல் வியர்த்துக் கொட்டி எண் உளறும்.

மாதிரியை எடுத்த கையோடு சோதியுங்கள். நம் ஊர்க் காற்றில் ஐந்து நிமிடம் திறந்திருந்தால் சட்டியின் ஈரத்தோடு பந்திங்கின் ஈரத்தையும் சேர்த்து அளப்பீர்கள்.

தண்ணீரை எடுக்க வெக்குவம் போதுமா?

கொதிநிலை உயர்ந்த ஆல்கஹால் என்றால் அதுதான் என் முதல் தேர்வு. 2-எத்தில்ஹெக்சனால், செட்டில் ஆல்கஹால், மிரிஸ்டில் ஆல்கஹால் எல்லாம் இந்த வகை.

இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. 60 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் ஏறக்குறைய 200 மில்லிபார். சட்டிக்குள் மொத்த அழுத்தத்தை 20 மில்லிபாரில் நிறுத்தினால், தண்ணீர் ஆவியின் பங்கு அந்த 20ஐத் தாண்ட முடியாது. 20ஐ 200ஆல் வகுத்தால் 0.1. அதாவது மேலே நிற்கும் ஆவியோடு சமநிலைக்கு வந்த கலவையின் நீர்ச் செயல்பாடு 0.1க்கு மேல் போகாது. 100 மில்லிபார் என்றால் 0.5. வெக்குவம் மானியே உங்கள் நீர்ச் செயல்பாட்டு மானி, தனியாகக் கருவி வாங்கப் பணம் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. ஆனால் சூட்டை மாற்றினால் கணக்கும் மாறும். 70 டிகிரியில் ஆவி அழுத்தம் 312 மில்லிபார், 50இல் 123தான்.

எடுத்த எடுப்பில் 20க்கு இறக்காதீர்கள். முதல் ஒரு மணி நேரத்தில்தான் தண்ணீர் கொட்டோ கொட்டென்று பிறக்கும். திடீரென அழுத்தம் இறங்கினால் கலவை பால் பொங்குவதுபோல் பொங்கி நொதி மணிகளையும் தூக்கிக்கொண்டு கண்டன்சருக்குள் போய்விடும். நாங்கள் 100இல் தொடங்கி, நுரை அடங்க அடங்க 50, 30, 20 என்று படியிறங்குவோம்.

எங்கள் பம்பு 60 மில்லிபாருக்குக் கீழே இறங்க மறுக்கிறது. கசிவு எங்கும் தெரியவில்லை.

பம்பு எண்ணெயைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன் தீபாவளிக்கு முந்தைய வாரம் எனக்கும் இதேதான் நடந்தது. அவசரத்தில், வரும் ஆவியைக் குளிரவைத்துப் பம்புக்கு முன்னாலேயே பிடிக்கும் கோல்ட் டிராப்புக்கு ஐஸ் நிரப்ப மறந்துவிட்டேன். சட்டியிலிருந்து கிளம்பிய ஆவி நேராகப் பம்புக்குள் போனது. நான் மூட்டு மூட்டாகக் கிரீஸ் தடவி, குழாயை மாற்றி, அரை நாள் கசிவு தேடினேன். கடைசியில் பம்பின் கண்ணாடிச் சாளரத்தைக் குனிந்து பார்த்தால், தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய் தே தாரிக் மாதிரி கலங்கிக் கிடக்கிறது, மேலே நுரை வேறு. தண்ணீர் கலந்த எண்ணெயிலிருந்து கிளம்பும் ஆவியால் பம்பு தன் வெக்குவத்தைத் தானே கெடுத்துக்கொண்டிருக்கிறது. எண்ணெய் மாற்றி, பம்புக்குள் கொஞ்சம் காற்றை விட்டு ஈரத்தை வெளியேற்றும் கேஸ் பாலஸ்ட் வால்வைத் திறந்து ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டதும் 8 மில்லிபாருக்கு இறங்கியது. அன்றைய சரக்கு 88 சதவீதத்தில் நின்று போனது. அதை மறுநாள் மீண்டும் ஏற்ற வேண்டியதாயிற்று.

ஐசோபுரோப்பைல் பால்மிட்டேட் செய்கிறோம். வெக்குவம் போட்டால் ஆல்கஹால்தான் ஓடுகிறது, தண்ணீர் அப்படியே நிற்கிறது.

ஓடத்தான் செய்யும். 60 டிகிரியில் ஐசோபுரோப்பனாலின் ஆவி அழுத்தம் தண்ணீரைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. முதலில் அதுதான் கதவைத் திறந்துகொண்டு கிளம்பும். போதாக்குறைக்கு இரண்டும் கைகோத்து, எடையில் 88க்கு 12 என்ற விகிதத்தில், 80 டிகிரியில் ஒன்றாகவே கொதிக்கும். வடித்துப் பிரிக்கப் பார்த்தால் அந்த விகிதத்துக்கு அப்பால் பிரியாது.

ஒரு வழி, அந்தக் கைகோப்பையே பயன்படுத்திக்கொள்வது. ஆல்கஹாலைத் தாராளமாகப் போட்டு, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும் ஆவியை வெளியே எடுத்து, அதை 3ஏ மாலிக்யூலர் சீவ் (தண்ணீரை உறிஞ்சிப் பிடிக்கும் நுண்துளை மணிகள்) நிரப்பிய குழாய் வழியே விட்டு உலர்த்தி, உலர்ந்த ஆல்கஹாலை மீண்டும் சட்டிக்குள் திருப்புவது. இல்லையென்றால் இரண்டு கட்டமாகச் செய்யலாம். முதல் கட்டத்தில் 85 சதவீதம் வரை ஓட்டி, ஆல்கஹாலையும் தண்ணீரையும் முழுதாக வடித்து எறிந்துவிட்டு, புது உலர்ந்த ஆல்கஹால் ஊற்றி இரண்டாம் கட்டம். சிறிய இடம் என்றால் இரண்டாவதைச் சொல்வேன். உபகரணம் குறைவு, தூங்கப் போகவும் நேரம் கிடைக்கும்.

வெக்குவம் பம்பே இல்லை. காற்று அடித்து உலர்த்தலாமா? நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகமாயிற்றே.

எல்லோரும் அப்படித்தான் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தபோது நானே ஆச்சரியப்பட்டேன். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் தண்ணீர் ஆவியின் அழுத்தம் 34 மில்லிபார். அதே காற்று 60 டிகிரிச் சட்டிக்குள் நுழைந்து சூடானதும், அங்கே தண்ணீரின் முழு ஆவி அழுத்தம் 200 என்பதால், அதன் ஈரப்பதம் 17 சதவீதம் ஆகிவிடுகிறது. துணி காயாத மழைநாள் காற்றே சட்டிக்குள் போனால் உலர் காற்று!

கலவையின் நீர்ச் செயல்பாட்டை 0.3இல் நிறுத்தி, அந்த 70 கிராம் தண்ணீரை எடுக்க மூன்றரை கன மீட்டர் காற்று போதும். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் ஆறு மணி நேரம். உலர்ந்த நைட்ரஜன் என்றால் ஒன்றரை கன மீட்டர். ஆனால் இந்தக் காற்றால் 0.17க்குக் கீழே இறங்கவே முடியாது. கடைசிச் சதவீதங்களுக்கு நைட்ரஜனோ, சிலிக்கா ஜெல் குழாய் வழியே உலர்த்திய காற்றோ வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. ஓலிக் அமிலம்போல் இரட்டைப் பிணைப்பு உள்ள சரக்கில் காற்று அடித்தால் சிக்கு வாடை வந்துவிடும், அதற்கு நைட்ரஜன்தான். ஐசோபுரோப்பனால், எத்தனால் உள்ள சட்டியில் காற்றை நினைக்கவே வேண்டாம். அது சூடான, தீப்பற்றும் ஆவி. அங்கே ஆக்ஸிஜனைக் கொண்டு போய்க் கொடுப்பது வெடிக்கு அழைப்பிதழ்.

மாலிக்யூலர் சீவை நேரடியாகச் சட்டிக்குள் கொட்டலாமா?

கண்ணாடிக் குடுவை அளவில் செய்யலாம், பெரிய அளவில் பிடிக்காத வேலை. நல்ல சீவ் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீர் பிடிக்கும். 70 கிராமுக்கு 350 கிராம் சீவ், அதுவும் முழுதாக நிரம்பினால். கலக்கும்போது மணிகள் உரசி மாவாகும், கூடவே விலை உயர்ந்த நொதி மணிகளையும் அரைக்கும். அப்புறம் வடிகட்டி முழுக்கச் சேறு. அமிலமும் சீவின் காரத் தன்மையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

சட்டிக்கு வெளியே தனிக் குழாயில் வைத்து, ஆவியையோ கலவையையோ அதன் வழியே சுற்ற விடுங்கள். வகை 3ஏ ஆக இருக்கட்டும். 4ஏ வாங்கினால் மெத்தனாலையும் சேர்த்து விழுங்கும். பாக்கெட்டைப் பிரித்த கையோடு போடாதீர்கள், 250 முதல் 300 டிகிரியில் சில மணி நேரம் சுட்டு, மூடிய பாத்திரத்தில் ஆறவிட்ட பிறகே அது சீவ். அதுவரை அது சும்மா கூழாங்கல்.

உப்புக் கரைசல் வைத்து ஈரத்தைக் கட்டுப்படுத்துவது என்றால் என்ன?

ஆய்வுக்கூடத்துச் சின்ன வித்தை. அடியில் உப்பு தேங்கி நிற்கும் நிறை கரைசல் ஒவ்வொன்றும், மூடிய ஜாடியில் மேலே உள்ள காற்றை ஒரு குறிப்பிட்ட ஈரப்பதத்தில் பிடித்து வைக்கும். 25 டிகிரியில் லித்தியம் குளோரைடு 0.11, மக்னீசியம் குளோரைடு 0.33, மக்னீசியம் நைட்ரேட் 0.53, சாப்பாட்டு உப்பு 0.75. நொதியைச் சிறு தட்டில் வைத்து அந்த ஜாடிக்குள் ஓரிரு நாள் மூடி வைத்தால், நொதி அந்த எண்ணுக்கு வந்துவிடும். உங்கள் நொதிக்கு எந்த ஈரம் பிடிக்கும் என்று கண்டுபிடிக்க இதைவிட மலிவான சோதனை கிடையாது.

நீரேறிய உப்பு, நீரிறங்கிய உப்பு இரண்டையும் ஜோடியாகச் சட்டிக்குள்ளேயே போடும் முறையும் உண்டு. தண்ணீர் பிறந்தால் ஒன்று உறிஞ்சும், குறைந்தால் மற்றது கொடுக்கும். சோடியம் அசெட்டேட் ஜோடியை 60 டிகிரியில் போட்டு ஏமாறாதீர்கள், அதன் நீரேறிய வடிவம் 58 டிகிரியில் உருகிவிடும்.

கிளிசராலோடு செய்தால் நொதி மணிகள் பிசுபிசுவென்று கொத்துக் கொத்தாக ஒட்டுகின்றன.

கிளிசரால் எண்ணெயில் கரையாது. அது மணிகளைச் சுற்றிப் பாகுபோல் படிந்து, பிறக்கும் தண்ணீரையும் அங்கேயே இழுத்து வைத்துக்கொள்ளும். நொதியின் வாசலிலேயே ஒரு குட்டைத் தண்ணீர். கிளிசராலை முன்கூட்டியே சிலிக்கா ஜெல்லில் ஊறவைத்துப் பொடியாகப் போடுங்கள், அல்லது டெர்ஷியரி பியூட்டனால் கரைப்பானில் எல்லாவற்றையும் ஒரே திரவமாக்குங்கள்.

ஈரம் ஏறிப்போன நொதி மணிகளைக் காப்பாற்ற முடியுமா? ஓவனில் 105 டிகிரியில் வைத்து எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

அவர் மண்ணின் ஈரப்பதம் பார்க்கிறவராக இருக்க வேண்டும். ஈரத்தோடு சூடாக்குவதுதான் நொதிக்கு எமன். ஈரம் இருக்கும்வரை புரதம் சூட்டில் அவிழும், காய்ந்த பிறகுதான் தாங்கும். ஓவனில் இரண்டும் எந்த வரிசையில் நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டெர்ஷியரி பியூட்டனாலில் இரண்டு மூன்று முறை அலசி, வடித்து, அறைச் சூட்டில் வெக்குவத்தில் காய வையுங்கள். ஒட்டிய எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்தே போய்விடும். கையில் எடுத்தால் மணிகள் கடுகுபோல் உருண்டோட வேண்டும். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது.

குளிர்சாதனப் பெட்டியில்தான் நொதியை வைக்கிறோம். ஆனாலும் டப்பா அடியில் கட்டியாகிறதே?

4 டிகிரி டப்பாவை எடுத்ததும் திறந்தால் ஐஸ் கிளாஸ் வியர்ப்பதுபோல் மணிகளும் வியர்க்கும். நம் ஊர்க் காற்று 26 டிகிரிக்குக் கீழே எதைத் தொட்டாலும் தண்ணீராக உதிரும். மூடியபடியே இரண்டு மணி நேரம் வெளியே வைத்து, டப்பா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். அதைவிட நல்லது, வாங்கியதும் ஒரு தடவைக்கு வேண்டியதாகப் பொட்டலம் கட்டி வைத்துவிடுவது.

கலக்குவதற்குப் பதில் மணிகளைக் குழாயில் அடைத்துக் கலவையை ஓட்டினால்?

மணிகள் உடையாது, நல்ல முறை. ஆனால் கலவை குழாய்க்குள் போகப் போகத் தண்ணீர் பிறந்துகொண்டே வரும், அங்கே அதை எடுக்க ஆளில்லை. மேல் மணிகள் காய்ந்தும் கீழ் மணிகள் ஊறியும் கிடக்கும். குழாயில் ஒரு தடவைக்குக் கொஞ்சமாகவே மாற்றம் நடக்கும்படி வேகமாக ஓட்டி, வெளியே ஒரு வெக்குவம் டிரம்மில் தண்ணீரை உதறிவிட்டு, மீண்டும் குழாய்க்கே அனுப்புங்கள்.

அமில எண் ஒரு கட்டத்துக்கு மேல் இறங்கவில்லை. நொதி செத்துவிட்டதா, தண்ணீர் தேங்கிவிட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

அமில எண் என்பது 1 கிராம் சரக்கில் மிஞ்சியிருக்கும் அமிலத்தை அடக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்பது. ஐசோபுரோப்பைல் பால்மிட்டேட்டில் 99 சதவீதம் ஆனதென்றால், மிஞ்சிய ஆல்கஹாலை வடித்த பிறகு அது 2க்குக் கீழே இருக்கும். 15இல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் புது நொதியைத் தொடாதீர்கள். கலவையில் ஒரு கிண்ணம் எடுத்து, 60 டிகிரியில் கடும் வெக்குவத்தில் அரை மணி நேரம் உலர்த்தி, போன ஆல்கஹாலுக்குப் பதில் உலர்ந்த ஆல்கஹால் ஊற்றி, அதே பழைய மணிகளை அலசிக் காயவைத்துப் போட்டு ஓட்டுங்கள். அமில எண் இறங்கினால் குற்றவாளி தண்ணீர். இறங்காவிட்டால் இன்னொரு கிண்ணத்தையும் அதேபோல் உலர்த்திப் புது மணிகள் போடுங்கள். அப்போது இறங்கினால் பழைய நொதிக்கு வேலை முடிந்தது.

எங்கள் இடத்தில் இதற்கும் முன்னால் நாங்கள் பார்ப்பது கோல்ட் டிராப்பைத்தான். 2-எத்தில்ஹெக்சனால் ஓட்டத்தில் டிராப்பில் இரண்டு அடுக்கு தெரியும். மேலே வழுக்கிக்கொண்டு வந்த ஆல்கஹால், கீழே தண்ணீர். கீழ் அடுக்கைப் பிரித்துத் தராசில் வைத்து, அமில எண் சொல்லும் தண்ணீரோடு ஒப்பிடுவோம். 1 கிலோ பால்மிட்டிக் அமிலத்தில் 90 சதவீதம் ஆகிவிட்டது என்று அமில எண் சொன்னால் டிராப்பில் 63 கிராம் இருக்க வேண்டும். 50தான் இருந்தால் மிச்சம் 13 எங்கேயோ ஒளிந்திருக்கிறது. பம்பு எண்ணெயில், மேல் ஆல்கஹால் அடுக்கில், குளிர்ந்த மூடியின் உள்பக்கத்தில் முத்து முத்தாக, அல்லது மணிகளுக்குள். மூடிதான் பெரும்பாலும் மாட்டும். வெளியே பழைய கம்பளித் துணியைச் சுற்றிக் கட்டுங்கள், அடுத்த ஓட்டத்தில் அந்த முத்துகள் சட்டிக்குள் திரும்ப விழாது.